நல்ல தண்ணீர் தந்தவனுக்கு நன்றி

(ஹிஜ்ரி 1445, ரமலான் கடைசிப் பத்தில் மேலப்பாளையத்தில் நடைபெற்ற இஃப்தார் நிகழ்ச்சியில் நம் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



 



மஃரிப் பாங்குக்கு இன்னும் அரை மணி நேரம்தான் இருக்கிறது. பசித்த வயிற்றுக்கு முன்னால் நீண்ட பேச்சு கூடாது என்பது எனக்குத் தெரியும். இருபது நிமிடத்தில் முடித்துவிடுகிறேன். எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு ‘பெருநாளும் நன்றியுணர்வும்’. இதற்காகக் கிதாபுகளைப் புரட்டினேன். ஆனால் பேச வேண்டிய விஷயம் இதோ உங்கள் முன்னால், ஒவ்வொருவர் விரிப்பிலும் இருக்கிறது. ஒரு டம்ளர் தண்ணீர்.

அதிகாலையில் ஸஹர் முடித்ததிலிருந்து நாம் தண்ணீரைத் தொடவில்லை. ஏப்ரல் மாத வெயில். பாங்கு சொன்னதும் பேரீச்சம் பழத்தைக் கடித்து, முதல் மிடறு தண்ணீர் தொண்டையில் இறங்கும்போது உண்டாகும் இன்பம் இருக்கிறதே, அதற்கு ஈடாக எந்தக் கடையில் எந்தச் சர்பத்தைச் சொல்ல முடியும்? அந்த நேரத்தில் நபியவர்கள் ஓதிய துஆவும் அதைப் பற்றியதுதான். தாகம் தணிந்தது, நரம்புகள் நனைந்தன என்ற பொருளில் அது தொடங்குகிறது. பெரிய தத்துவம் எதுவும் இல்லை. உடம்பு அடைந்த சாதாரண சுகத்தை அப்படியே எடுத்துச் சொல்லி, அதைத் தந்தவனை நினைப்பது. ஷுக்ர் அங்கேதான் தொடங்குகிறது.

இந்த ஆண்டு இந்தத் தண்ணீரைப் பற்றிப் பேச நமக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது.

டிசம்பரில் நாம் கண்டது

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்த மாவட்டத்தில் யாரும் மறக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஓராண்டில் பெய்ய வேண்டிய மழை ஒரு பகலிலும் இரவிலும் பெய்துவிட்டது. பொதிகை மலையில் பிறந்து, எட்டு அணைக்கட்டுகளைக் கடந்து, புன்னைக்காயலில் கடலில் கலக்கும் நம் தாமிரபரணி, கரையை மறந்து வந்தது. கொக்கிரகுளமும் வண்ணார்பேட்டையும் சந்திப்புப் பேருந்து நிலையமும் தண்ணீருக்குள் கிடந்ததை நாம் பார்த்தோம். ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கம் நிலைமை அதைவிட மோசம்.

அப்போது நடந்த ஒரு வினோதத்தை எண்ணிப் பாருங்கள். எங்கு பார்த்தாலும் தண்ணீர், ஆனால் குடிக்கத் தண்ணீர் இல்லை. ஆற்றுக்குள் இருந்த உறைகிணறுகளும் குழாய்களும் சேதமாகி, குடிநீர் விநியோகம் நின்றுபோனது. வற்றாத ஆறு என்று பெயர் பெற்ற ஆற்றின் கரையில் நின்றுகொண்டு, ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு லாரியை எதிர்பார்த்தோம்.

மூன்று நாள் கழித்து, நம் அறக்கட்டளை இளைஞர்களோடு நானும் ஒரு வேனில் ஸ்ரீவைகுண்டத்துக்குக் கீழே ஒரு கிராமத்துக்குப் போனேன். அரிசி, ரொட்டி, போர்வை எல்லாம் கொண்டு போயிருந்தோம். இடிந்த சுவருக்குப் பக்கத்தில் ஓர் ஆச்சி உட்கார்ந்திருந்தார்கள். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். பையை நீட்டினோம். அதை அவர்கள் பார்க்கவே இல்லை. “குடிக்க நல்ல தண்ணி இருக்காய்யா?” என்று கேட்டார்கள். ஒரு பாட்டிலைத் திறந்து கொடுத்தோம். இரண்டு மிடறு குடித்தார்கள். கண்ணை மூடிக்கொண்டார்கள். பிறகு மீதியைப் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

அந்த இரண்டு மிடறு அவர்கள் முகத்தில் கொண்டுவந்த நிம்மதியை, இந்த ரமலானில் ஒவ்வொரு நாளும் நோன்பு திறக்கும்போது நினைத்துக்கொள்கிறேன். அந்த ஆச்சியின் கதை அத்தோடு முடியவில்லை. மீதியைப் பிறகு சொல்கிறேன். அது என் தவறு சம்பந்தப்பட்டது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். சபா நாட்டு மக்களைப் பற்றி அல்லாஹ் குர்ஆனில் சொல்கிறான். இருபுறமும் தோட்டங்கள், செழிப்பான நாடு. உண்ணுங்கள், நன்றி செலுத்துங்கள் என்று சொல்லப்பட்டும் அவர்கள் புறக்கணித்தார்கள். அணை உடைந்து வெள்ளம் வந்தது. இந்த வரலாற்றை எடுத்துவைத்து, டிசம்பர் வெள்ளமும் அப்படித்தான், அந்த ஊர்க்காரர்கள் நன்றி கெட்டவர்கள் என்று சிலர் பேசியதை நான் கேட்டேன். சகோதரர்களே, அப்படிச் சொல்லும் அறிவு நமக்குத் தரப்படவில்லை. அந்த வரலாறு நம்மை நாம் சோதித்துக்கொள்வதற்காக. அடுத்தவர் வீட்டு இடிபாட்டின் மேல் ஏறி நின்று பயான் செய்வதற்காக அல்ல. வீடு இழந்தவரிடம் போய், நன்றி செலுத்துங்கள் என்று உபதேசம் செய்வதும் நம் வேலை அல்ல. அவருக்குச் செங்கல் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் நம் வேலை. நன்றியைப் பற்றிய பேச்சு எல்லாம், நனையாமல் தப்பித்த நமக்குத்தான்.

நபியவர்களும் இரு தோழர்களும்

ஸஹீஹ் முஸ்லிமில் வரும் ஒரு நிகழ்ச்சி. நபி (ஸல்) அவர்கள் ஒருநாள் வீட்டை விட்டு வெளியே வந்தார்கள். வழியில் அபூபக்ர் (ரலி), உமர் (ரலி) இருவரையும் கண்டார்கள். இந்த நேரத்தில் எதற்காக வெளியே வந்தீர்கள் என்று கேட்டபோது, பசி என்றார்கள் இருவரும். என்னை வெளியே கொண்டுவந்ததும் அதுவேதான் என்றார்கள் நபியவர்கள். இந்த உம்மத்தின் மிகச் சிறந்த மூன்று பேர் பசியோடு தெருவில் நிற்கிறார்கள்!

மூவரும் ஓர் அன்சாரித் தோழரின் வீட்டுக்குப் போனார்கள். அவர் வீட்டில் இல்லை. எங்கே என்று கேட்டதற்கு அவருடைய மனைவி சொன்ன பதிலைக் கவனியுங்கள். எங்களுக்காக நல்ல தண்ணீர் எடுத்துவரப் போயிருக்கிறார் என்றார். திரும்பி வந்தவர் விருந்தாளிகளைக் கண்டதும் அல்லாஹ்வைப் புகழ்ந்தார். இன்று என்னைவிடச் சிறந்த விருந்தினரைப் பெற்றவர் யாருமில்லை என்று மகிழ்ந்தார். ஒரு பேரீச்சங் குலையைக் கொண்டுவந்து வைத்தார். அதில் காயும் கனிந்ததும் உலர்ந்ததும் இருந்தன. பிறகு ஓர் ஆட்டை அறுத்துச் சமைத்தார். வயிறார உண்டு, தண்ணீரும் குடித்த பிறகு நபியவர்கள், இந்த அருட்கொடையைப் பற்றி மறுமை நாளில் நீங்கள் விசாரிக்கப்படுவீர்கள் என்றார்கள்.

பேரீச்சை, கறி, தண்ணீர், நிழலில் ஓர் இடம், அன்பான ஒரு வீட்டுக்காரர். இதற்கே கேள்வி உண்டு என்றால், நம் பெருநாள் காலையைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ‘இஹ்யா’வில் ஷுக்ரைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்கள். மதரஸாவில் ஓதியவர்களுக்கு நினைவிருக்கும். ஷுக்ர் மூன்று சேர்ந்தது என்கிறார்கள்: இல்ம், ஹால், அமல். அதாவது, இது யாரிடமிருந்து வந்தது என்று அறிவது. அதனால் மனத்தில் மகிழ்ச்சி உண்டாவது. அந்த மகிழ்ச்சிக்கு ஏற்பச் செயல்படுவது. வாயால் அல்ஹம்துலில்லாஹ் சொல்வதோடு நாம் நிறுத்திவிடுகிறோம். மகிழ்வதையும் மறந்துவிடுகிறோம், செயலையும் மறந்துவிடுகிறோம்.

மகிழ்வதும் ஷுக்ர்தான்

என் சிறுவயதுப் பெருநாளைச் சொல்கிறேன். எழுபதுகளின் கடைசி. வாப்பா ஒரே துணியில் எங்கள் அண்ணன் தம்பி எல்லோருக்கும் சட்டைக்கு எடுப்பார்கள். தையல்காரர் பெருநாள் இரவு வரை இழுத்தடிப்பார். பொத்தான் கட்டாத சட்டையை வாங்கிவந்து, உம்மா இரவோடு இரவாகப் பொத்தான் கட்டுவார்கள். காலையில் தலைக்கு எண்ணெய் தேய்த்து ஆற்றில் குளியல். காதுக்குப் பின்னால் வாப்பா ஒரு தொடு அத்தர் வைப்பார்கள். தொழுதுவிட்டு வந்தால் இடியாப்பமும் கறி ஆணமும். மறக்காமல் வட்டிலப்பம். பெரியவர்கள் கையில் முத்தமிட்டால் பெருநாள் காசு. அவ்வளவுதான். மறுநாள் கேட்டாலும் இனிக்கும் பெருநாள்.

அந்தக் காலம் எல்லாம் பொன்னாக இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. வாப்பாவும் ஜவுளிக்கடையில் பற்று வைத்துத்தான் துணி எடுத்தார்கள். நான் சொல்வது, அன்று எங்களுக்கு மகிழ்ச்சி தந்தவை எவை என்று இன்று கணக்குப் பார்த்தால், ஆறும் அத்தரும் உம்மா கையால் பிழிந்த இடியாப்பமும்தான் மிஞ்சுகின்றன. சட்டையின் விலை நினைவில்லை.

இன்று என்ன நடக்கிறது? நம் அறக்கட்டளையின் வட்டியில்லாக் கடனுக்கு வரும் மனுக்கள் ரமலான் கடைசிப் பத்தில் கூடிவிடுகின்றன. மருத்துவச் செலவு, பள்ளிக் கட்டணம் என்று வருபவற்றுக்கு முடிந்தவரை கொடுக்கிறோம். பெருநாள் துணிக்கு என்று எழுதி வருபவற்றைப் பார்க்கும்போது என் கை தயங்குகிறது. இங்கே கிடைக்காதவர்கள் வாரத் தவணைக் கடனுக்குப் போகிறார்கள். நம் தெருக்களில் பீடி சுற்றும் சகோதரிகளின் நிலை எல்லோருக்கும் தெரியும். முதுகு வளைந்து, புகையிலைத் தூசியில் நாள் முழுவதும் உட்கார்ந்து சுற்றிய கூலி, பெருநாள் முடிந்து பல வாரங்களுக்கு அந்தத் தவணைக்கே போய்விடுகிறது.

சென்ற ஆண்டு ஒரு சகோதரர் ஷவ்வால் மாதத்தில் என்னைத் தேடி வந்தார். பெயர் சொல்ல மாட்டேன். மூன்று பிள்ளைகள். கடன் வாங்கித் துணி எடுத்திருக்கிறார். “அண்ணே, பெருநாள் அன்னைக்குக் காலைல பிள்ளைங்க புதுத்துணி போட்டு முன்னால வந்து நிக்குது. எனக்குத் திங்கக்கிழமை தவணைக்காரன் வருவானேங்கிற நினைப்புதான். இடியாப்பம் தொண்டையில இறங்கல” என்றார்.

நன்றி செலுத்த வேண்டிய நாளில் ஒரு மனிதரால் தன் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து மகிழ முடியவில்லை. இதற்கு அவர் மட்டுமா காரணம்? தெருவில் மற்ற பிள்ளைகளின் துணியைப் பார்த்து நாம் சொல்லும் ஒவ்வொரு சொல்லும் காரணம். “போன வருசம் போட்ட சட்டையா?” என்று நாம் விளையாட்டாகக் கேட்பது ஒரு தகப்பனைக் கடன்காரர் ஆக்குகிறது. உலக விஷயத்தில் உங்களுக்குக் கீழே உள்ளவரைப் பாருங்கள், அல்லாஹ் தந்ததை அற்பமாக நினைக்காமல் இருக்க அதுவே வழி என்று நபியவர்கள் காட்டித் தந்தார்கள். நாமோ மேலே பார்த்துப் பார்த்துக் கழுத்து வலிக்க நிற்கிறோம்.

பெருநாளுக்கு இருப்பதில் நல்ல ஆடையை உடுத்துவதுதான் முக்கியம். துவைத்துத் தேய்த்த பழைய சட்டை அதற்குப் போதும். வசதி உள்ளவர்களிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் ஒரு பெருநாளுக்குப் பழைய சட்டை அணிந்து வாருங்கள். இல்லாதவர் அணிந்து வந்தால் அது இல்லாமை. நீங்கள் அணிந்து வந்தால் அது அவருக்குத் துணை.

அந்த ஆச்சியின் படம்

இப்போது அமலுக்கு வருகிறேன். அந்த ஆச்சியின் கதையில் மீதி இருக்கிறது என்று சொன்னேன் அல்லவா?

தண்ணீர் கொடுத்த பிறகு, நாங்கள் அறக்கட்டளையின் பேனரை விரித்தோம். அரிசிப் பையை ஆச்சியின் கையில் கொடுத்து, பக்கத்தில் நின்று படம் எடுத்தோம். அவர்கள் சேலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தலையைக் குனிந்தார்கள். “ஆச்சி, கொஞ்சம் நிமிர்ந்து பாருங்க” என்று சொன்னது வேறு யாரும் அல்ல, நான்தான். ஜனவரி இதழில் அந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்துப் போட்டதும் நான்தான்.

இதழ் கைக்கு வந்த அன்று என் மகள் அதைப் பார்த்துவிட்டு, “வாப்பா, இந்தப் பாட்டி நம்ம வீட்டு ஆளா இருந்தா போடுவீங்களா?” என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. இரண்டு மிடறு தண்ணீர் குடித்து, மீதியை அடுத்த பிள்ளைக்குக் கொடுத்தவர் அவர். தனக்குக் கிடைத்ததை அவர் சத்தமில்லாமல் பகிர்ந்தார். நாங்கள் பேனர் பிடித்துப் பகிர்ந்தோம். அங்கே ஷுக்ர் செய்தவர் யார்?

‘அல் இன்ஸான்’ அத்தியாயத்தில் நல்லடியார்களைப் பற்றி அல்லாஹ் சொல்கிறான். ஏழைக்கும் அனாதைக்கும் கைதிக்கும் உணவளிப்பார்கள். உங்களிடம் நாங்கள் பிரதிபலனையும் எதிர்பார்க்கவில்லை, நன்றியையும் எதிர்பார்க்கவில்லை என்பதே அவர்களின் நிலை. நன்றி செலுத்துவது நம் கடமை. நன்றியை வாங்குவது நம் உரிமை அல்ல. ஒருவர் நம்மிடம் பெற்றுக்கொள்ளும்போது, நமக்கு அல்லாஹ் தந்ததற்கு நன்றி செலுத்த அவர் ஒரு வாய்ப்பு தருகிறார். அப்படிப் பார்த்தால், அவருக்கு நாம்தான் கடன்பட்டிருக்கிறோம்.

எனவே நிர்வாகக் குழுவில் பேசி சில முடிவுகள் எடுத்திருக்கிறோம். இந்த ஆண்டு ஃபித்ரா பொருள்களுக்கு டோக்கனும் வரிசையும் கிடையாது. தெருவாரியாகப் பட்டியல் எடுத்தாகிவிட்டது. தராவீஹுக்குப் பிறகு, நம் சகோதரிகளே இரண்டு இரண்டு பேராக வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பார்கள். பேனர் இல்லை, படம் இல்லை. நம் இதழிலும் இனி உதவி பெறுவோரின் முகம் வராது.

படம் இல்லாவிட்டால் பணம் போய்ச் சேர்ந்ததை எப்படி நம்புவது என்று வளைகுடாவில் இருந்து அனுப்பும் சகோதரர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. வியர்வை சிந்திச் சம்பாதித்த பணம். அதற்குப் பதில், ஏழையின் முகம் அல்ல, நம் கணக்கு. வரவு, செலவு, கடைப் பில்கள் எல்லாம் பெருநாள் முடிந்த வாரத்தில் அலுவலகப் பலகையில் ஒட்டப்படும். யார் வேண்டுமானாலும் வந்து ஏடுகளைப் பார்க்கலாம். நம்மைச் சந்தேகப்படுங்கள், கேள்வி கேளுங்கள். அந்தச் சங்கடத்தை நாங்கள் தாங்க வேண்டும், வாங்குபவர் தாங்கக் கூடாது.

ஃபித்ராவை முந்திக் கொடுங்கள். பெருநாள் தொழுகைக்குப் போகும் வழியில் அவசரமாகத் திணிப்பதைவிட, இரண்டு நாள் முன்னால் எங்களிடம் சேர்த்தால், அந்த வீட்டிலும் பெருநாள் காலையில் அடுப்பு நிம்மதியாக எரியும்.

மனிதருக்கும் நன்றி

மனிதருக்கு நன்றி சொல்லாதவர் அல்லாஹ்வுக்கு நன்றி செலுத்தியவர் ஆகமாட்டார் என்பது நபிமொழியின் கருத்து. டிசம்பரில் நாம் எத்தனை பேருக்குக் கடன்பட்டோம்! திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் சிக்கி, சுமார் 800 பயணிகள் தவித்தபோது, தாங்களே வெள்ளத்தில் இருந்த பக்கத்து ஊர் மக்கள் இருந்ததைச் சமைத்துக் கொடுத்தார்கள். செய்துங்கநல்லூரில் பள்ளிவாசலைத் திறந்துவிட்டு, வீடிழந்த இந்துக் குடும்பங்களைத் தங்கவைத்து உணவு கொடுத்தார்கள். யார் எந்தச் சமயம் என்று அந்த நேரத்தில் யாரும் கேட்கவில்லை. தண்ணீர் வடிந்த பிறகு, சேற்றையும் செத்த கால்நடைகளையும் கையால் அள்ளியவர்கள் தூய்மைப் பணியாளர்கள். நம் தெருவைப் பெருக்கும் அந்தச் சகோதர சகோதரிகளின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? இந்தப் பெருநாளன்று உங்கள் வீட்டு நெய்ச்சோற்றில் ஒரு பாத்திரம் அவர்கள் வீட்டுக்குப் போகட்டும். ஆணம் சமைத்தால் தண்ணீரைக் கொஞ்சம் கூட்டி ஊற்றி அண்டை வீட்டாருக்கும் கொடுங்கள் என்று சொல்லித்தந்த மார்க்கம் நம்முடையது.

நோன்புக் கஞ்சியில் நாம் இதை ஏற்கெனவே செய்கிறோம். அஸருக்குப் பிறகு தூக்குச்சட்டியோடு வரும் பிள்ளைகளில் எத்தனை பேர் பிற சமயத்தவர்! பச்சரிசியும் பாசிப்பருப்பும் வெந்தயமும் பூண்டும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த அந்தக் கஞ்சியின் மணத்துக்கு நடுவே யாரும் யாரையும் விசாரிப்பதில்லை. அந்த வழக்கம் ஆண்டு முழுவதும் இருக்கட்டும்.

கடைசியாக, ஆற்றுக்கும் கால்வாய்க்கும் செலுத்த வேண்டிய நன்றி. பத்தமடையில் நம் மக்கள் பாய் நெய்வது ஆற்றங்கரைக் கோரையில். அந்தக் கோரை ஓடும் தண்ணீரில் ஊறினால்தான் பாய்க்குப் பதம் வரும். நம் வயலும் நெசவும் குடிநீரும் இந்த ஆறு தந்தவை. நம் ஊருக்குள்ளே ஓடும் பாளையங்கால்வாய் அதன் தண்ணீர்தான். அதில் இன்று என்ன மிதக்கிறது என்று நான் சொல்லவேண்டியதில்லை. பெருநாள் முடிந்த மறுநாள் பிளாஸ்டிக் டம்ளரும் தட்டும் கோழிக்கழிவும் அதில் போய் விழுகின்றன. ஓடும் ஆற்றில் ஒளு செய்தாலும் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று கற்றுத்தரப்பட்ட சமுதாயம் நாம். வாயால் அல்ஹம்துலில்லாஹ், கையால் கால்வாயில் குப்பை என்றால், எதை அல்லாஹ் ஏற்பான்? இந்தப் பெருநாளில் நம் வீட்டிலிருந்து ஒரு குப்பைகூடக் கால்வாய்க்குப் போகாது என்று இங்கே உட்கார்ந்திருக்கும் நாம் மட்டுமாவது முடிவெடுப்போம்.

பாங்குக்கு நேரமாகிவிட்டது. டம்ளரைக் கையில் எடுங்கள். குடிப்பதற்கு முன் ஒரு நொடி அதைப் பாருங்கள். பொதிகையில் பெய்து, பாறையில் இறங்கி, அணைக்கட்டுகளைத் தாண்டி, குழாய் வழியாக யாரோ ஒரு ஊழியர் திறந்துவிட்டு, நம் பிள்ளைகள் ஊற்றிவைத்தது. டிசம்பரில் இது இல்லாமல் இருந்தோம். இன்று இருக்கிறது.

யா அல்லாஹ்! எங்கள் நோன்பை ஏற்றுக்கொள்வாயாக. வெள்ளத்தில் உயிரும் வீடும் வாழ்வும் இழந்தவர்களுக்கு ஆறுதலையும் அழகிய ஈடையும் தருவாயாக. நீ தந்ததைக் கண்டு மகிழும் மனத்தையும், மகிழ்ந்ததைப் பகிரும் கையையும், பகிரும்போது எவரையும் தலைகுனிய வைக்காத பண்பையும் எங்களுக்குத் தருவாயாக. கடன்பட்டோரின் கடனைத் தீர்த்து, எல்லா வீட்டிலும் இந்தப் பெருநாளை நிம்மதியான பெருநாளாக ஆக்குவாயாக. ஆமீன்.